கடல் காத்திருந்த கட்டை

கடல் ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்தது ஓர் ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. காலை மீன் ஏலம் முடிந்து, தரை கழுவி, கூடைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இராயப்பன்துறைப் பெண்கள் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று திரும்பி வந்து ஏலக்கூடத்தின் நிழலில் தூணுக்கொருவராகச் சாய்ந்திருந்த பிற்பகல் வேளை அது. அதற்கு முன்பே கடலரிப்பு முதல் தெருவை முழுதாகத் தின்றுவிட்டு இரண்டாவது தெருவின் வாசற்படிகளை நக்கிக்கொண்டிருந்ததால், தண்ணீர் கூடத்துக்குள் வந்ததை யாரும் தலை திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆட்டம் என்றால் மாஜாங் ஆட்டம். சோப்புக்கட்டியைப் போல வழவழப்பான நூற்று முப்பத்தாறு கட்டைகளை மதில்போல அடுக்கி வைத்து, நாலு பக்கமும் நாலு பேர் உட்கார்ந்து, ஆளுக்குப் பதின்மூன்று கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, முறைக்கு ஒன்றை எடுத்து ஒன்றைக் கழித்து, மும்மூன்றாக நாலு சேர்க்கையும் ஒரு ஜோடியுமாகக் கையை முதலில் கூட்டி முடிப்பவர் ஜெயிக்கிற ஆட்டம். ஜப்பான்காரர்களின் கப்பலில் பதினோரு வருஷம் சமையல்காரனாக இருந்த தொபியாஸ் ஒரு விடுமுறைக்கு வரும்போது அந்தப் பெட்டியைத் தோளில் சுமந்து வந்தான். மனைவி எஸ்கலினுக்கும், தங்கை பிளவியாவுக்கும், உறவில் மாமன் முறையான ஊர்க் கமிட்டித் தலைவர் வியாகுலத்துக்கும் கற்றுக்கொடுத்தான். அவர்கள் ஊருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். காற்றுகளின் பேர் எழுதிய நாலு கட்டைகளுக்கு ஊர்க்காரர்கள் தங்கள் வழக்கப்படி கொண்டல், சோழகம், கச்சான், வாடை என்று பேர் வைத்துக்கொண்டார்கள். மற்றவை ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணுள்ள வட்டம், மூங்கில், எழுத்து என்ற மூன்று இனமும், சிவப்பு, பச்சை, வெள்ளை என்ற மூன்று தனிக்கட்டையும்; எல்லாம் வகைக்கு நாலு. பிறகு தொபியாஸ் கப்பலை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு ஃபைபர் வள்ளம் வாங்கி மீன்பிடித் தொழிலுக்குப் போனான். ஒரு கார்த்திகையில் போனவன் திரும்பவில்லை. வள்ளமும் வரவில்லை, உடம்பும் வரவில்லை. அதற்குப் பிறகும் மற்ற மூன்று பேரும் அவன் பக்கத்துக்குக் கட்டைகளை அடுக்கி வைத்து, அவன் முறை வரும்போதெல்லாம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்தவர் எடுக்க, ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் அவன் முறை வந்தது, மூவரும் பேசாமல் இருந்தார்கள். அப்போது கூடத்தின் படியைத் தாண்டி ஒரு முழ அகலத்தில் தண்ணீர் ஊர்ந்து வந்து, மேசைக்கால் வழியாக ஏறி, பலகையின் நாலாவது விளிம்பில் நின்று, மதிலிலிருந்து ஒரு கட்டையை எடுத்துத் தன் வரிசையில் சேர்த்துக்கொண்டு, வேறொரு கட்டையை நடுவில் தள்ளியது. கொண்டல் கட்டை. நனைந்திருந்தது.

வியாகுலம் அதைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“ஈரக்காலோட வந்திருக்கு” என்றார். “பலகை ஊறிரும். கீழ ஒரு சாக்கப் போடுங்க.”

பிளவியா சாக்கு எடுத்து வந்து போட்டாள். அடுத்த முறை வியாகுலத்துடையது, ஆகவே அவர் ஒரு கட்டையை எடுத்தார்.

ஏழாவது சுற்றில் வியாகுலம் ஒரு மூங்கில் கட்டையைக் கழித்தபோது தண்ணீர் தன் பதின்மூன்று கட்டைகளையும் மெல்ல முன்பக்கம் சாய்த்துக் காட்டியது. கை கூடியிருந்தது. மாஜாங்கில் நீ கழித்த கட்டையால் இன்னொருவன் கை கூடினால் அதற்கு நீ ஒருவன்தான் ஈடு கட்ட வேண்டும். வியாகுலம் சிரித்துக்கொண்டே எழுந்து வீட்டுக்குப் போனார், போனவர் தன் அடுப்படியும் முன்னறையும் இருந்த இடத்தில் நுரை நிற்பதைப் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த பின்னறையின் கதவைத் திறந்து உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். அவர் மனைவி அவரிடம் கேட்டது ஒன்றுதான்: “எந்தக் கட்டையப் போட்டிய?”

அடுத்த வாரம் எஸ்கலின் கை கூடியது, கடல் கழித்த கட்டையிலேயே கூடியது. அன்றைக்குச் சாயங்காலம் கடல் பன்னிரண்டு அடி பின்வாங்கி, முதல் தெருவின் கல்பாவிய ஓடையையும், வேப்பமரத்தின் அடிக்கட்டையையும், காலஞ்சென்ற யாரோ ஒருத்தியின் அம்மியையும் வெளியே காட்டியது. அம்மிக்கு மூன்று குடும்பங்கள் உரிமை கொண்டாடி ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தன. அதற்குப் பிறகு ஊரில் எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது. வலை பின்னுகிறவர், ஐஸ் உடைக்கிறவர், கோயில்பிள்ளை, ரேஷன் கடைப் பெண் என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்து உட்கார்ந்து, பெரிய கையாகக் கூட்டி ஒரே அடியில் கடலைப் பழைய கரைக்குத் துரத்திவிட வேண்டும் என்று ஆடினார்கள். பெரிய கைக்கு ஆசைப்பட்டவர்கள் துணிந்து கழித்த கட்டைகளைக் கடல் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டது. மூன்று வாரத்தில் ஒன்பது வீடு போயிற்று.

ஒரு நாள் யாரும் உட்காராமல் இருந்து பார்த்தார்கள். தண்ணீர் தன் நேரத்துக்கு வந்தது, தானே அடுக்கியது, தானே எடுத்தது, தானே கழித்தது, ஆள் இல்லாத மூன்று பக்கத்தையும் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்தது. அன்றைக்கு நாலு வீடு. ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஆட்டம் உண்டு என்று தெரிந்துபோனதால், மறுநாள் பங்குச்சாமியார் ரெமிஜியுஸ் கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டார்.

அங்கேதான் எஸ்கலின் எழுந்து பேசினாள். கூட்டத்தில் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

“சாமி, ஜெயிக்கணும்னு ஆடுனா போயிருவோம். குடுத்துரக் கூடாதுன்னு மட்டும் ஆடணும்.”

“அது எப்படி?”

“ஒருத்தர் தான் கழிச்ச கட்டையிலயே கை கூட்ட முடியாது. அது இந்த ஆட்டத்துல உள்ள சட்டம். அப்ப அது எதெதை வேண்டாம்னு கழிச்சிருக்கோ அதையே நாமளும் கழிச்சிட்டுப் போனா, நம்மகிட்டயிருந்து அதுக்கு ஒண்ணும் கெடைக்காது. அது கழிச்சத வாசிக்கணும். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்.”

“நம்ம கை என்ன ஆகும்?” என்று கேட்டார் வியாகுலம்.

“ஒடஞ்சு போவும், மாமா. நல்ல கையா வந்தாலும் நாமதான் ஒடைக்கணும்.”

அப்படி அந்த ஊர் தற்காத்து ஆட ஆரம்பித்தது. எஸ்கலினும் பிளவியாவும் வியாகுலமும் மட்டும் ஊருக்காக உட்காருவது என்று தீர்மானமாயிற்று. பள்ளிக்கூடத்திலிருந்து கரும்பலகை கொண்டுவந்து கூடத்துச் சுவரில் மாட்டினார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கிற இரண்டு பெண்பிள்ளைகள் கடல் கழிக்கிற ஒவ்வொரு கட்டையையும் வரிசைக்கு ஆறாகச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினார்கள். அதன் முன்னால் ஊரே நின்று, தலையைச் சாய்த்து, ஜாதகம் பார்க்கிற மாதிரி பார்த்தது. மூங்கிலை முதலிலேயே தள்ளிவிட்டதே, அப்படியானால் எழுத்தில் ஏதோ சேர்க்கிறது. கச்சானை ஐந்தாவது சுற்று வரைக்கும் வைத்திருந்ததே, ஜோடிக்குக் காத்திருந்திருக்கும். மீன் விலை கேட்க வந்த வியாபாரிகள்கூட விலையை மறந்துவிட்டு இப்படிப் பேசிக்கொண்டு நின்றார்கள். கூட்டத்தில் நிற்கிறவர்கள் கட்டையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பதும் தெரியவந்தது, டீக்கடை இன்னாசி ஒரு பதற்றத்தில் “ஐயோ அது வேண்டாம்!” என்று கத்தியதற்கு அவர் கடை, பாய்லரோடு போயிற்று. அதிலிருந்து ஆட்டம் நடக்கிற ஒன்றரை மணி நேரம் இராயப்பன்துறையில் குழந்தைகள்கூடச் சத்தம் போட்டு அழவில்லை.

நகரத்திலிருந்து வேன் வைத்துப் பார்க்க வந்தார்கள். அரசு அலுவலகத்திலிருந்து ஓர் இன்ஜினியர் அம்மா வந்து, இரண்டு ஆட்டத்தை முழுதாக உட்கார்ந்து பார்த்து, டேப் பிடித்துக் கரையை அளந்து, கடலரிப்பு என்று எழுதிக்கொண்டு போனார். பதினைந்து லாரி பாறாங்கல் வந்து இறங்கியது. கடல் அந்தக் கற்களின் இடுக்கு வழியாகத் தன் நேரத்துக்கு வந்து உட்கார்ந்தது. சாமியார் பிரசங்கத்தில், ஆசையை அடக்குவது பற்றி நாலு ஞாயிறு பேசினார். ஊர்ப்பேச்சே மாறிப்போனது. மாப்பிள்ளை பார்க்கப் போனால் பையன் முதலில் எந்தக் கட்டையைக் கழிப்பான் என்று விசாரித்தார்கள். ஒருவன் துபாய்க்குப் போகப் போகிறேன் என்றால், பெரிய கைக்கு ஆசைப்படாதே, இருக்கிறதை வைத்துக்கொண்டு இரு என்றார்கள். ஒருத்தி வீட்டுக்கு மச்சு போட வேண்டும் என்றால், இப்போது எதற்கு, ஆட்டம் போகிற போக்கைப் பார்த்துவிட்டுப் போடலாம் என்றார்கள். வள்ளங்கள் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு மேல் போகவில்லை. இரண்டு கல்யாணங்கள் தள்ளிப்போயின. பயமில்லாததை மட்டும் செய்வது என்று வந்துவிட்டால் செய்வதற்கு எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பது அந்த ஊருக்கு மெல்ல மெல்லத் தெரிந்தது.

ஒரு வருஷத்தில் மூன்று பேரும் ஒரு கட்டையைக்கூடக் கடலுக்குக் கொடுக்கவில்லை. ஆனாலும் கரை குறைந்துகொண்டே வந்தது. யார் கையும் கூடாமல் மதில் தீர்ந்துபோனால், ஒரே ஒரு கட்டைக்காகக் காத்து நின்றவருக்கு, கையை உடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மற்றவர்கள் சின்னதாக ஏதாவது கொடுத்தாக வேண்டும். அதுவும் அந்த ஆட்டத்தின் சட்டம்தான். கடல் எப்போதும் காத்து நின்றது. இவர்கள் எப்போதும் உடைத்திருந்தார்கள். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு சாண், ஒரு நாளைக்கு ஒரு தென்னை, ஒரு நாளைக்கு யார் வீட்டுத் துணிக்கல்லோ என்று போயிற்று. வீடு போகவில்லையே என்று அன்றன்றைக்கு எல்லாரும் ஆறுதல் பட்டுக்கொண்டார்கள். கரையோரச் சிலுவைக் கோயிலான குருசடிக்கும் தண்ணீருக்கும் நடுவே எழுபது அடி இருந்தது இருபது அடியாயிற்று. யாரும் தப்பு செய்யவில்லை.

கடல் கழித்ததை ஊரே வாசித்தது. ஆனால் எஸ்கலின் மட்டும் வேறொன்றையும் வாசித்தாள்.

தொபியாஸ் ஒரு கட்டையைக் கழிப்பதற்கு முன்னால் பலகையில் இரண்டு தரம் தட்டுவான். தண்ணீர் கட்டையைத் தள்ளுவதற்கு முன்னால் பலகையின் விளிம்பில் இரண்டு தரம் மோதியது. அலை என்றால் அப்படித்தான் மோதும் என்று அவள் விட்டுவிட்டாள். ஒன்றுமே எழுதாத வெள்ளைக் கட்டையை எல்லாரும் முதல் சுற்றிலேயே கழித்துவிடுவார்கள். தொபியாஸ் மட்டும், அதுக்கு ஒரு பேருகூட இல்ல, பாவம், கொஞ்சம் இருந்துட்டுப் போட்டும் என்று கடைசி வரைக்கும் வைத்திருப்பான். ஒரு மழைநாளில் ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு எஸ்கலின் கரும்பலகைப் பிள்ளைகளின் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள். ஒன்றில்கூடக் கடல் வெள்ளைக் கட்டையைப் பன்னிரண்டாவது சுற்றுக்கு முன்னால் கழித்திருக்கவில்லை. அவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, மழை விடும் வரைக்கும் அங்கேயே இருந்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊர் ஆயிரம் கேள்வி கேட்கும். அவனிடம் கேட்டு வாங்கு என்று அவளைப் பிடித்துத் தள்ளும். அல்லது அவன்தான் எங்கள் வீட்டைத் தின்றவன் என்று சொல்லும். அவள் செய்ததெல்லாம், ஆட்டத்துக்கு வரும்போது தலைவாரிக்கொண்டு வந்ததும், நாலாவது பக்கத்துச் சாக்கைத் தினமும் துவைத்துக் காயவைத்துப் போட்டதும்தான். கட்டை அடுக்குகிற நேரத்தில் உதடு அசையாமல் ஏதாவது சொல்லுவாள்: பல் வலி வந்துபோனது, ஆடு குட்டி போட்டது, கூரையில் ஒரு ஓடு மாற்ற வேண்டும். தண்ணீர் விளிம்பில் நின்று கேட்கிற மாதிரி நிற்கும். இல்லை, சும்மாவும் நிற்கும்.

பிளவியாவுக்குக் கண் கூர்மை.

“மைனி, நீங்க அதுகூடப் பேசுதிய.”

“எதுகூட?”

“தண்ணிகூட.”

“ஒன் முறைதான், எடு” என்றாள் எஸ்கலின்.

இரண்டாவது வருஷத்துக் கார்த்திகை வாவு நாளில், கடல் ஏறி நிற்கிற நாளில், ஆறாவது சுற்றிலேயே தண்ணீர் ஒரு கட்டையைக் குறுக்கே படுக்கப் போட்டது. அப்படிப் படுக்கப் போட்டால் அறிவிப்பு: என் கை கூட இன்னும் ஒரே ஒரு கட்டைதான் வேண்டும், இனி என் கையை மாற்ற மாட்டேன், காத்திருக்கிறேன் என்று அர்த்தம். கடல் அதற்கு முன்னாலும் பலமுறை அறிவித்திருக்கிறது, ஊர் பலமுறை தப்பியிருக்கிறது. ஆனால் அன்றைக்குச் சிவப்புக் கட்டை ஒன்றுகூடத் தரைக்கு வரவில்லை, பச்சையும் வரவில்லை, எஸ்கலினின் கையிலும் அவை இல்லை. இரண்டும் கடலின் கையில் சேர்ந்திருந்தால் அது அவர்கள் அதுவரை பார்க்காத பெரிய கை. கூட்டத்தில் ஒருவர் இன்னொருவர் தோளைப் பிடித்துக்கொண்டார். வியாகுலத்தின் காதுமடல் சிவந்தது.

எஸ்கலின் கடல் கழித்த ஆறு கட்டைகளையும் இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தாள். முதலாவதே ஆறு வட்டம். அது விழுந்திருந்தால் மூன்று வட்டம் பயமில்லை என்பது கரும்பலகைப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த கணக்கு: நாலும் ஐந்தும் வைத்துக்கொண்டு மூன்றுக்கோ ஆறுக்கோ காத்திருக்கிறவன் ஆறைக் கழித்திருக்க மாட்டான். ஆனால் தொபியாஸ் கழிப்பான். எல்லாரும் அப்படி நினைக்கட்டும் என்றே ஆறை முதலில் எறிந்துவிட்டு, இரண்டையும் நாலையும் வைத்துக்கொண்டு நடுவில் உள்ள மூன்றுக்குக் காத்திருப்பான். கல்யாணமான புதிதில் அவளை அப்படி ஏழு தடவை ஏமாற்றி, ஏழு தடவையும் மேசையில் கை வைத்துச் சிரித்திருக்கிறான். கடல் மூன்று வட்டத்துக்குத்தான் காத்திருக்கிறது என்பது, உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்பது மாதிரி, அவளுக்குத் தெரிந்தது.

மூன்று வட்டம் ஒன்று அவள் கையிலும் இருந்தது.

வியாகுலம் கடல் ஏற்கெனவே கழித்திருந்த கச்சானைக் கழித்தார். அடுத்தது எஸ்கலின், அதற்கடுத்தது பிளவியா. எஸ்கலின் பிளவியாவைப் பார்த்தாள். பயமில்லாத கட்டை அவளிடம் தீர்ந்துவிட்டது என்பது அவள் விரல் கட்டைகளின் மேல் அலைவதிலேயே தெரிந்தது. அலைந்த விரல் இடது ஓரத்தில் போய் நின்றது. வட்டங்களைப் பிளவியா எப்போதும் இடது ஓரத்தில்தான் வைப்பாள். அவள் புருஷன் தொழிலுக்குப் போயிருந்தான். இரண்டு பிள்ளைகளும் கூட்டத்தில் அவளுக்கு நேர் பின்னால், தூணைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

வாயால் சொல்ல முடியாது. தான் பேசாமல் பயமில்லாததைக் கழித்தால், பிளவியா மூன்று வட்டத்தைக் கழிப்பாள், அவள் வீடு போகும். அவள் கழிக்காமல் கடலே மதிலிலிருந்து அந்தக் கட்டையை எடுத்துவிட்டால், தானே எடுத்துக் கூட்டிய கைக்கு மூன்று பேரும் ஈடு கட்ட வேண்டும், மூன்று பேர் என்றால் ஊர். தான் கொடுத்தால் தன் ஒருத்தியோடு முடிந்தது. ஒருவருக்காக இன்னொருவர் தெரிந்தே கொடுத்து ஆட்டத்தை முடிப்பதும் தற்காப்பில் ஒரு வகைதான், தொபியாஸ்தான் சொல்லிக்கொடுத்திருந்தான். தன்னைத் தவிர ஆளில்லாத வீடு, ஓடு மாற்ற வேண்டிய கூரை, போனால் போகட்டும். இப்படியெல்லாம் அவள் நினைத்தது உண்மை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவன் கையிலே ஒன்றைக் கொடுக்கப் போகிறோம் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டதும் உண்மை.

மூன்று வட்டத்தை எடுத்து நடுவில் வைத்தாள். வைத்துவிட்டுக் கையை உடனே எடுக்கவில்லை.

தண்ணீர் பலகையின் விளிம்பிலிருந்து கிளம்பி வந்தது. கட்டைக்கு ஒரு நகக்கண் தூரத்தில் வந்து நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது, அவள் விரல் நுனியின் நிழல் அதன் மேல் விழுந்து ஆடியது. பிறகு கட்டையைத் தொடாமல், வந்த வழியே, மெல்லப் பின்வாங்கித் தன் விளிம்புக்குப் போய்விட்டது.

பிளவியா வாய்விட்டுப் பெருமூச்சு விட்டாள். இடது ஓரத்திலிருந்து தன் மூன்று வட்டத்தை எடுத்து எஸ்கலினுடையதன் பக்கத்தில் போட்டாள். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. கூட்டம் அசைந்து கொடுத்தது, யாரோ ஜெபமாலையை முத்தமிட்டார்கள். பயந்தவள் எஸ்கலின் ஒருத்திதான். காத்திருப்பதாக அறிவித்த பிறகு, தான் காத்திருந்த கட்டையே எதிரில் விழுந்தும் எடுக்காமல் விட்டவர், அந்த ஆட்டம் முடியும்வரை யார் கழித்ததிலும் கை கூட்ட முடியாது. இனி தானே மதிலிலிருந்து எடுத்தால்தான் உண்டு. தான் கணித்தது தப்பாக இருக்க வேண்டும், கடல் வேறு எதற்கோ காத்திருக்க வேண்டும், அங்கே உட்கார்ந்திருப்பது வெறும் தண்ணீராக இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். அந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அப்படி வேண்டியதில்லை.

கடல் எடுத்தது, கழித்தது. மறுபடி எடுத்தது, கழித்தது. எட்டு மூங்கில், வாடை, ஒன்று எழுத்து. மூன்று பேரும் அதே மாதிரி பயமில்லாத கட்டைகளைக் கழித்துக்கொண்டே வந்தார்கள், செய்வதற்கு வேறெதுவும் இல்லை. நாலாவது தடவை தண்ணீர் எடுத்த கட்டையைக் கழிக்காமல் தன் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தது. பிறகு பதின்மூன்றையும் சாய்த்தது. மூன்று சிவப்பு, மூன்று பச்சை, மூன்று வெள்ளை, இரண்டு கொண்டல், இரண்டு வட்டமும் நாலு வட்டமும். பக்கத்தில், சொட்டிக்கொண்டு, மூன்று வட்டம்.

வியாகுலம் அந்தக் கையைப் பார்த்தார். நடுவில் எஸ்கலின் கழித்த மூன்று வட்டத்தைப் பார்த்தார். கடல் மதிலிலிருந்து நாலு தடவை எடுப்பதற்கு முன்பே அது அங்கே விழுந்திருந்தது. கூட்டமும் பார்த்தது. அந்த ஊரில் கழித்ததை வாசிக்கத் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

கடல் அவசரப்படவில்லை. நடக்கிற வேகத்தில்தான் வந்தது. அடுப்பையும், டிவியையும், அரிசி டிரம்மையும், படுத்திருந்த நோயாளிகளையும், பீடத்திலிருந்து இராயப்பர் சுரூபத்தையும் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்கு நேரம் கொடுத்தது. எதிரில் வந்தவர்களின் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. வெயில் சாய்வதற்குள் இரண்டாவது தெருவும் மூன்றாவது தெருவும் ஏலக்கூடமும் குருசடியும் போய், தேரிமணல் மேட்டில் இருந்த பள்ளிக்கூடம் மட்டும் மிஞ்சியது. பிளவியாவின் வீடு கடைசியாகப் போனது. போன வருஷம்தான் அதற்கு வெள்ளையடித்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு ஆறு குடும்பம் என்று சாமியார் பிரித்து விட்டார். எஸ்கலின் இருந்த வகுப்பில் அவள் பக்கத்தில் யாரும் பாய் போடவில்லை. வியாகுலம் வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை.

“ஒனக்குத் தெரிஞ்சிதான போட்ட?”

“தெரிஞ்சிதான் மாமா.”

“நீ போடாம இருந்திருந்தா பிளவியா போட்டிருப்பா. அது எடுத்திருக்கும். ஒரு வீட்டோட போயிருக்கும்.” அவர் குரல் ஏறவில்லை, ஒரு கணக்கைச் சரிபார்க்கிற மாதிரிதான் இருந்தது. “அவன் ஒன்ன விட்டான். அதனால எல்லாத்தையும் எடுத்தான். நான் தப்பா சொல்லுதனா?”

“இல்ல மாமா.”

“நீ நல்லதுக்குத்தான் போட்ட” என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி அதே தோளில் போட்டுக்கொண்டு போனார்.

பிளவியா அதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த வகுப்பில் பிள்ளைகளுக்கு ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்துவிட்டு, பாயைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். எஸ்கலின் ஜன்னலோரமாகச் சுவரில் சாய்ந்திருந்தாள். சேலையின் கீழ்க்கரை இன்னும் ஈரமாக இருந்தது. பிளவியா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மைனி, அண்ணன்தானா அது?”

“ஆமா.”

“ரொம்ப நாளாத் தெரியுமா?”

“கொஞ்ச நாளா.”

வெளியே யாரோ தகர டிரம்மை உருட்டிக்கொண்டு போனார்கள்.

“ஒங்ககிட்ட இருந்து எடுக்க அவனுக்கு மனசு வரல, என்ன?”

“வரல.”

“நானும் அதே கட்டையத்தான போட்டேன், மைனி.” பிளவியா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். “எங்கிட்ட?”

ஒருமுறை விட்டவன் பிறகு யாரிடமிருந்தும் எடுக்க முடியாது என்பது எஸ்கலினுக்கும் தெரியும், பிளவியாவுக்கும் தெரியும். இருவருக்கும் ஒரே நாளில், ஒரே மேசையில், அவன்தான் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

“ஒங்கிட்டயும்தான் எடுக்கல” என்றாள் எஸ்கலின்.

பிளவியா சரி என்று தலையை ஆட்டினாள். பாயை விரித்தாள், விரித்துவிட்டு, எஸ்கலினின் சேலைக் கரையை இரண்டு கையாலும் பிடித்து, தண்ணீர் வடிய முறுக்கிப் பிழிந்தாள்.